ஷாக் அடிச்சா ஓடிப்போய்த் தொடாதீங்க!

போன எபிசோடுல ஃபயர் டிரில் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி: "ஆபீஸ்ல யாருக்காவது ஷாக் அடிச்சா என்ன பண்ணணும்?" இன்னைக்கு அதுதான்.

நம்ம சாக்கெட்டில் வருவது 230 வோல்ட். ஒருத்தர் எதையாவது பிடித்தபடி ஷாக் வாங்கினால், 10, 20 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகிவிடும். பார்க்கிறவங்களுக்கு, அவர் ஏன் கையை எடுக்காம நிக்கிறாருன்னு தோணும். அவரால எடுக்க முடியாது. அப்போ நாம ஓடிப்போய் அவரை இழுத்தா, கரண்ட் நம்ம உடம்பு வழியாவும் பாயும். காப்பாத்த வேண்டியவங்க இப்போ ரெண்டு பேர்.

"எம்.சி.பி. தானா ட்ரிப் ஆயிடும்ல ப்ரோ?" அதை நம்பாதீங்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. இருப்பது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க. ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கு கரண்டே போதும். மனுஷனுக்காக இருப்பது ஆர்.சி.சி.பி.; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற வகை. எல்லா ஆபீஸ்லயும் அது இருக்கும்னு சொல்ல முடியாது.

நான் முன்னாடி இருந்த ஆபீஸ்ல, பேன்ட்ரியில வாட்டர் டிஸ்பென்சரைத் துடைச்சிட்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு ஷாக் அடிச்சது. பக்கத்துல இருந்தவங்க அவங்களைப் பிடிக்கப் பாஞ்சாங்க. எலெக்ட்ரீஷியன் அண்ணா கத்தினார்: "யாரும் தொடாதீங்க!" அவர் நேரா ஓடினது சுவர்ல இருந்த ஸ்விட்சுக்கு. அணைச்சதும் அக்கா கை விடுபட்டு அப்படியே சரிஞ்சாங்க. பிழைச்சுக்கிட்டாங்க.

வரிசை இதுதான். முதல்ல நில்லுங்க. ஸ்விட்ச் அல்லது மெயினை அணைங்க. முடியலையா? ஈரமில்லாத தரையில நின்னு, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஒயரைத் தள்ளுங்க. மாப் கம்பு வேண்டாம், பல மாப்ல அது உலோகம். டிரான்ஸ்ஃபார்மர் ரூம் என்றால் கிட்டயே போகாதீங்க. லைனை நிறுத்த வேண்டியது அந்த வேலை தெரிஞ்சவங்க.

கரண்ட் நின்ன பிறகு 108-க்குப் போன் பண்ணுங்க. கூப்பிட்டா அசைவில்லை, மூச்சும் சரியா இல்லையா? உடனே சி.பி.ஆர். நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. ஆழம் இறங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க. கை வலிச்சா ஆளை மாத்திக்கோங்க.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லப்பா"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தோல்ல சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே திசு வெந்திருக்கலாம். இதயத்துடிப்பும் தாறுமாறாகலாம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாதான் தெரியும்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு வேலை: உங்க ஃப்ளோர் டி.பி. பாக்ஸைத் தேடுங்க. எந்த ஸ்விட்ச் பேன்ட்ரிக்குன்னு லேபிள் இருக்கா பாருங்க. இல்லைன்னா அட்மினுக்கு ஒரு மெயில் தட்டுங்க. அப்புறம் அந்தப் பாக்ஸை ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கும் காட்டுங்க. ஈரத்துணியோட பிளக் பக்கத்துல தினமும் வேலை பார்க்கிறது அவங்கதான்.

அடுத்த வாரம் பார்ப்போம். பத்திரமா இருங்க.