தரிசு நிலமும் காய்கறியும்: நமது கோரிக்கை



இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்களில் பலர் பெரிய மார்க்கெட் வழியாகத்தான் வீடு திரும்புவீர்கள். விலையைக் கேட்டுவிட்டு, கால் கிலோ போதும் என்பீர்கள். அரிசிக்காவது ரேஷன் உண்டு. காய்கறிக்கு ஏது ரேஷன்? கூலி குறைந்தால் ஏழை வீட்டுக் குழம்பில் முதலில் குறைவது காய்தான்.

வில்லியனூர், பாகூர் பக்கம் போய்ப் பாருங்கள். நெல் விளைந்த வயலில் மனைக்கல் நிற்கிறது. வீடும் எழவில்லை, பயிரும் இல்லை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பக்கத்திலேயே, நாற்று நட்டுப் பழகிய கைகள் வேலையின்றி இருக்கின்றன. இது இயற்கை செய்த கொடுமையா? இல்லை. விலை ஏறட்டும் என்று நிலத்தைப் பூட்டி வைத்திருக்கும் பணமூட்டைகள் செய்த கொடுமை!

வழி இல்லையா? உண்டு. 1991-ல் சோவியத் யூனியன் சிதைந்தபோது கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது வெகுவாகக் குறைந்தது. ஹவானா மக்கள் காலி மனைகளில் பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்தார்கள். சர்க்கார் நிலம் கொடுத்தது. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள், சிறு குழுக்களாகச் சேர்ந்து தரிசைத் திருத்திப் பயிரிடுகிறார்கள். ஆனால் அங்கே சட்டம் புதிய குத்தகையை அனுமதிக்காததால், பல இடங்களில் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். நிலம் பண்பட்ட பின் உடைமைக்காரர் திருப்பிக் கேட்டால், காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை. இந்தப் பாடத்தையும் நாம் படிக்க வேண்டும்.

ஆகவே, விதைப் பொட்டலம் கொடுத்துப் போட்டோ எடுத்தால் போதாது. நாம் கேட்பது மூன்று.

ஒன்று: ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் தொடாமல், ஊர்வாரியாகத் தரிசுக் கணக்கு எடு.

இரண்டு: நிலமற்ற பெண்களின் குழுக்களுக்குக் குறைந்தது 5 ஆண்டு சாகுபடி உரிமையை எழுத்தில் கொடு, தண்ணீரும் கொடு.

மூன்று: இதை முடிவு செய்ய, மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து வேண்டும். புதுவையில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இடையில் 38 ஆண்டுகள்! 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின், மீண்டும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. ஊர் நிலத்தைப் பற்றிப் பேச ஊருக்கே வாய் இல்லை!

தோழர்களே! 1936 ஜூலை 30-ல் இந்நகரின் மில் தொழிலாளர் 12 பேர் குண்டுக்கு இரையானார்கள். எட்டு மணி நேர வேலை யாரும் போட்ட பிச்சையல்ல. நில உரிமையும் அப்படியே.

கீரை 25 நாளில் அறுப்புக்கு வரும்; வெண்டை 45 நாளில் காய்க்கும். மண் தாமதிப்பதில்லை, சர்க்கார்தான் தாமதிக்கிறது. நகரத் தொழிலாளியும் கிராம விவசாயத் தொழிலாளியும் கை கோத்து, இக்கோரிக்கையை ஊர் ஊராகக் கொண்டு செல்வோம்!