லேசர் இல்லாத ஊரிலும் அட்டோநொடி



அட்டோநொடி அறிவியலுக்கென ஓர் இணையவழிக் கருத்தரங்கத் தொடரைத் தருமபுரியிலிருந்து தொடங்குகிறோம் என்றதும், அந்த ஆய்வுக்கான லேசர் இங்கே எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். இல்லைதான். இந்தத் தொடர் இங்கே வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

மாணவர்களுக்காக அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஓர் அட்டோநொடி. அதற்குள் ஒளி 0.3 நானோமீட்டர்தான் நகரும். 1987-இல் பிரான்சில் ஆன் லூலியேயும் சக ஆய்வாளர்களும் மந்த வாயுவில் அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சியபோது, அதைவிடப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளிகள் எழுந்தன. 1993-இல் பால் கார்க்கம் அதை விளக்கினார்: லேசரின் மின்புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்த்தெடுக்கிறது, புலம் திசை மாறியதும் திருப்பிக் கொண்டுவந்து மோதவிடுகிறது, அந்த மோதலில் ஒளி பிறக்கிறது. அப்படிப் பிறந்த ஒளியில், 2001-இல் பியர் அகோஸ்தினி 250 அட்டோநொடித் துடிப்புகளின் தொடரையும், ஃபெரென்ஸ் கிராவுஸ் 650 அட்டோநொடித் தனித் துடிப்பையும் அளந்து காட்டினார்கள். 2023 நோபல் பரிசு லூலியே, அகோஸ்தினி, கிராவுஸ் மூவருக்கும் கிடைத்தது. கார்க்கத்தின் பெயர் அதில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்.

நான் சற்று நின்று பேச விரும்புவது நியான் அணுவைப் பற்றி. ஒரே ஒளித்துடிப்பு தாக்கும்போது, 2எஸ் மட்டத்து எலக்ட்ரானைவிட 2பி மட்டத்து எலக்ட்ரான் 21 அட்டோநொடி தாமதமாக வெளியேறுகிறது என்று 2010-இல் கிராவுஸ் குழுவினர் அறிவித்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான் வந்தது. எத்தனை முறை, எத்தனை வழிகளில் போட்டாலும் அதே கதை. அளந்தவர்களின் பெயருக்கு அஞ்சிக் கணக்கிட்டவர்கள் தங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. 2017-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் லூலியே குழு இன்னும் நுட்பமாக அளந்தது. ஓர் எலக்ட்ரான் வெளியேறும்போதே அயனிக்குள் மற்றொன்று மேல் ஆற்றல்மட்டத்துக்கு உந்தப்படும் நிகழ்வும் உண்டு. முந்தைய அளவீட்டில் அது 2எஸ் சமிக்ஞையோடு கலந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதைப் பிரித்ததும் அளவீடு கணக்கோடு பொருந்திவிட்டது. ஏழு ஆண்டுகள் அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தது காகிதத்திலும் கணினியிலும் நடந்த உழைப்பு.

அத்தகைய உழைப்பில் நம் மாநிலத்துக்கும் பங்குண்டு. சென்னை ஐஐடியில் பி.சி. தேஷ்முக் குழுவினர், ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, மந்த வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் தாமதத்தைச் சார்பியல் விளைவுகள் எப்படி மாற்றுகின்றன என்று கணித்து 2014-இல் வெளியிட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நம் மாணவர் மலைக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பரிமாண அணுவை லேசர் புலத்தில் வைத்து ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்க, சாதாரண மடிக்கணினி போதும். முதுகலை மாணவர் ஒரு பருவத்துக்குள் அதைச் செய்துவிடலாம். அவருக்குக் கிடைக்காதது, அந்த முடிவை வாங்கிப் பார்த்து “இது ஏன் இப்படி வந்தது?” என்று மல்லுக்கு நிற்க ஓர் ஆள்.

அந்த ஆளை இணையம் தரும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2020 ஜூலையில், பெருந்தொற்றுக் காலத்தில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் முன்னின்று ‘அட்டோ அறிவியலில் குவாண்டம் போர்கள்’ என்ற மூன்று நாள் மாநாட்டை இணையத்தில் நடத்தியது. அங்கே இளம் ஆய்வாளர்கள் தரப்புகளாகப் பிரிந்து வாதிட்டார்கள். ஆற்றல் தடையை ஊடுருவ எலக்ட்ரானுக்கு நேரம் பிடிக்கிறதா என்பது ஒரு களம். சமன்பாட்டை முழுதாகக் கணினியில் தீர்ப்பதா, தோராய மாதிரிகளை நம்புவதா என்பது இன்னொன்று. அந்த வாதங்கள் பிறகு ஆய்விதழ்க் கட்டுரைகளாயின.

எனவே அமைப்பாளர்களிடம் நான் கேட்பது இது. ஒரு மணி நேர உரை, ஐந்து நிமிடக் கேள்வி என்ற வழக்கம் இங்கே வேண்டாம். பாதி நேரத்தை வாதத்துக்கு விடுங்கள். ஐரோப்பியப் பேச்சாளர்களின் பிற்பகல் நமக்கு இரவு. பென்னாகரத்துக்கும் அரூருக்கும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்குச் சிக்னல் எப்போதும் கிடைத்துவிடாது. ஒவ்வோர் அமர்வையும் பதிவு செய்து, ஒலியை மட்டும் தனிக் கோப்பாகவும் கொடுங்கள். தமிழில் வரும் கேள்வியை நெறியாளர் மொழிபெயர்த்துப் பேச்சாளரிடம் சேர்க்கட்டும்.

இன்றைய முதல் அமர்வு, சற்றுமுன் சொன்ன அந்த ஊடுருவல் நேரம் பற்றியது. உரை முடிந்ததும் முதல் மூன்று கேள்விகள் மாணவர்களுக்கு. அதுவரை பேராசிரியர்கள், என்னையும் சேர்த்து, மைக்கை அணைத்து வைத்திருப்போம். பேச்சாளரை அழைக்கிறேன்.