கூப்பரின் கனவு

1967-இல் நியூயார்க் நகரில் அல் கூப்பர் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். பெயர் 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்'. ராக் இசைக்குக் கிட்டார் மட்டும் போதாது, டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் பாட்டோடு சேர்ந்து பேசவேண்டும் என்பது அவர் கனவு. 1968-இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டில், தாம் கட்டிய குழுவைவிட்டே அவர் விலக நேர்ந்தது. யார் முன்னின்று பாடுவது என்பதில் பிணக்கு. நம் பாடகர் குழுக்களில் நாம் பார்க்காததா?

டேவிட் கிளேட்டன்-தாமஸ் பாடிய இரண்டாவது தட்டு 1970-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. பீட்டில்ஸின் 'அபே ரோடு' கூடப் பின்தங்கியது. அந்தத் தட்டைக் கேட்கும்போது, குழல்கள் ஒன்றாக எழும்பும் இடத்தில் நாம் கூப்பரைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.