உண்ணலும் கேட்டலும்

ஓர் ஊரை அறிவதற்குக் கண் மட்டும் போதாது. நாவும் செவியும் வேண்டும். கட்டடங்களைக் கண்டு திரும்புகிறவர் ஊரின் புறத்தையே கண்டவராவார். அங்குள்ளார் உண்பதை உண்டு, அவர் பாடுவதைக் கேட்டவரே அதன் அகத்தையும் ஓரளவு அறிந்தவர். அத்தகைய பயணத்தைக் கணவனும் மனைவியும் கூடி மேற்கொள்வாராயின் பயன் இருமடங்காகும். அஃது எவ்வாறு என்பதற்கு இலங்கையின் கிழக்குக் கரை தக்க சான்று.

மட்டக்களப்பிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனை. அதற்குச் சற்று முன்னே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை; அப்பால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை ஊர்கள் தொடர்கின்றன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. முஸ்லிம்களும் தமிழரும் ஒரே மொழி பேசி அயலயலே வாழும் நிலம் இது.

கிழக்கே கடல், மேற்கே வயல். ஆகவே, விடியலில் கரைவலையில் வந்த மீன் நண்பகலில் சோற்றோடு சேர்ந்துவிடும். தேங்காய்ப்பாலில் ஆக்கிய பாலாணமும், நாவுக்குச் சுறுக்கென்ற புளியாணமும், பொடி இறாலாகிய கூனியைக் கொண்டு செய்த சுண்டலும் இக்கரையின் அன்றாடச் சுவைகள். எருமைத் தயிர் மண்சட்டியிலே கட்டியாக உறைந்திருக்கும். விருந்து நாளில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவித்த வட்டிலப்பம் வரும்.

இவ்வூர்களில் மணவீட்டு விருந்துக்குச் செல்லும் தம்பதியர் பெரும்பாலும் வாசலிலே பிரிவர். கணவர் ஆண்களோடு பாயில் அமர்ந்து, ஒரே சகனைச் சுற்றி உண்பார். பொல்லடியும் றபான் ஓசையும் அவர் பங்கு. மனைவியோ உள்வீட்டுக்கு அழைக்கப்படுவார். குரவையும், பிள்ளைத் தாலாட்டும், ஆணத்தின் பக்குவமும் அவர் பங்கு. மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதே இக்கரையின் நெடுநாள் வழக்கம். எனவே அடுப்பங்கரையின் அறிவும் பாட்டும் தாயிடமிருந்து மகளுக்கே செல்கின்றன. தனித்து வரும் ஆடவர் இதனை அறியமாட்டார். தனித்து வரும் பெண் மற்றதனை அறியமாட்டார். இரவில் இருவரும் தாம் கண்டதைச் சொல்லிக்கொள்ளும்போதுதான் ஊர் முழுமையாகிறது.

இக்கரையின் தலைசிறந்த இசைச்செல்வம் நாட்டார் கவி. பக்கவாத்தியம் இல்லை; மேடை இல்லை. வயலில் பரண்மீது காவல் இருந்தவரும், களை பிடுங்கிய பெண்களும் நான்கே அடிகளில் நெஞ்சைத் திறந்தனர். மச்சானுக்கு மச்சியும், மச்சிக்கு மச்சானும் மறுமொழி கூறும் முறையில் அமைந்தவை அவற்றுட் பல. இருவர் உரையாடலாகப் பிறந்த பாட்டை இருவராக இருந்து கேட்பது எத்துணைப் பொருத்தம்!

இத்தாலி நாட்டின் வடபால், போ ஆற்றுச் சமவெளியிலும் நெல் விளைகிறது. அந்த அரிசியிற் சமைக்கும் ரிசொட்டோவை உலகமே விரும்பி உண்கிறது. முழங்கால் அளவு நீரில் குனிந்து அங்கே களை பிடுங்கிய ஏழைப் பெண்கள் தம் துயரைப் பாட்டாக்கினர். பின்னர் களைகொல்லியும் இயந்திரமும் வந்தன, அவ்வேலை மறைந்தது. எனினும் அறிஞர் அப்பாடல்களைத் திரட்டினர். முதிய பெண்கள் குழுவாகக் கூடிப் பாடினர். வேலை போயிற்று, பாட்டு பிழைத்தது.

அம்பாறை வயல்களிலும் இன்று அறுவடை இயந்திரமே ஓடுகிறது; பரண் பாட்டுக்கு இடம் சுருங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களோடு போன பாட்டுகளுக்குக் கணக்கு ஏது?

மறைந்த இசையை மீட்பது எளிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்கப் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவருக்குப் பழைய யாழை மீட்டிக் காட்ட ஒருவரும் இருந்திலர். ஏட்டையும் கணக்கையுமே துணையாகக் கொண்டார். கவிக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. பாடத் தெரிந்த மூதாட்டியர் சிலர் இன்றும் உளர்.

ஆதலின் இக்கரைக்கு வரும் தம்பதியர் விரைந்து கடந்து செல்லாதிருப்பாராக. உண்டபின் சற்றே அமர்ந்து, "உம்மா, உங்கள் காலத்துக் கவி ஒன்று சொல்லுங்கள்" என்று மனைவியார் கேட்கட்டும். இசைவு பெற்றுக் கைப்பேசியிற் பதிந்து, பாடியவர் பெயரும் ஊரும் குறித்து, ஒரு படியை அவ்வூர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ சேர்ப்பிக்கட்டும். உண்ட சோற்றுக்கு அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.