நண்பர் எடுத்த நிழற்படத்தை மதிப்பிடும் முறை
(வெள்ளிவிழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



நிழற்படக் கலை பயிலும் மாணவர், தம்முடன் பயிலும் நண்பரின் படத்தை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பது குறித்துச் சில கூற விழைகிறேன். இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நம் மக்களின் முகம் உலகின் கண்ணில் எவ்வாறு பதிகிறது என்பதைப் பற்றியது.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றி 1890-இல் எழுதியவர். அவரே பின்னர் தென்னாட்டு மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். 1909-இல் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றின் படங்கள் பலவற்றின் அடியில் மனிதரின் பெயர் இல்லை. சாதியின் பெயரே உண்டு.

இன்று கருவி நம் பிள்ளைகளின் கைக்கு வந்துள்ளது. மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிக்குமார், 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். நம் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் படமெடுத்தார். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்தும் வருகிறார்.

ஆயின், கருவி கிடைத்தால் மட்டும் போதுமா? ஒரு மாணவன் உப்பளப் படமொன்றைக் கொண்டுவந்து காட்டுகிறான் எனக் கொள்வோம். உப்பு அம்பாரம் மங்கலாக இருக்கிறது. அருகில் நிற்கும் அம்மையாரின் முகமோ கருநிழலாகத் தெரிகிறது. "படம் நன்று" என்பது நட்புக்குப் பொருந்தலாம், கல்விக்குப் பொருந்தாது. "நன்றாயில்லை" என்பதும் அவ்வாறே. காரணம் கூற வேண்டும்.

காமிராவின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். வெண்ணிற உப்பு சட்டத்தை நிறைத்தால், ஒளி மிகுதி என்று கருதி அது ஒளியைக் குறைத்துவிடும். எனவே அம்மையாரின் முகத்தைக் கொண்டு ஒளியை அளக்க வேண்டும். காலையிலோ மாலையிலோ, வெயில்பட்ட உப்பின் பக்கம் முகம் திரும்பியிருக்கையில் எடுத்தால், உப்பே ஒளியைத் திருப்பித் தந்து முகத்தை விளக்கும்.

கருவியின் ஓரவஞ்சனை புதிதன்று. வண்ணப் படச்சுருள் நாளில் கோடாக் நிறுவனம் அச்சிடுவோர்க்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணே இருந்தார். அவர் நிறத்துக்கு ஒத்துவரும் அளவே சரியான அளவு எனப்பட்டது. கருநிற முகங்கள் தெளிவிழந்தன. ஆகவே, "முகம் தெரியவில்லை" என்று நண்பனிடம் கூறுவது சிறு குறை காண்பதாகாது.

அடுத்து, படத்தின் அமைப்பு. அடிவானக் கோடு கழுத்தை அறுத்துச் செல்கிறதா? உப்பு நீரில் ஊறி வெடித்த பாதங்கள் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டனவா? மேட்டில் நின்று கீழ்நோக்கி எடுத்ததால் உழைப்பவர் குறுகித் தெரிகிறாரா? எடுத்தவர் பாத்திக்குள் இறங்கி நின்றிருக்கலாமே! இவ்வாறு வினவுங்கள். முதலில் கண்டதைக் கூறுங்கள். அடுத்துக் காணாததைக் கூறுங்கள். பின்னர்த் திருத்தும் வழியைக் கூறுங்கள்.

இறுதியாக ஒரு வினா: "இந்த அம்மையாரின் பெயர் என்ன? அவர் இப்படத்தைப் பார்த்தாரா?" விடை தெரியாவிடில், ஒளி செம்மையாயினும் அப்படம் தர்ஸ்டன் நூலின் படங்களோடுதான் சேரும். மறுநாளே அவரிடம் சென்று, படத்தைக் காட்டி, பெயரைக் கேட்டு, அவர் இசைந்தால் எழுதி வாருங்கள்.