கவிதை தாங்கும் பாலம்



கவிதை ஏட்டில் வாழும், மேடையில் ஒலிக்கும். மக்கள் நடந்து கடக்கும் எஃகுப் பாலத்தில் அதனைப் பொறித்துவைத்த நகரமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸே அந்நகரம்.

அங்குள்ள லோரிங் பூங்காவையும் அதன் எதிர்ப்புறத்து நிலத்தையும் நெடுஞ்சாலை பிரித்துவிட்டது. 16 தடங்களில் ஊர்திகள் விரையும் அவ்விடத்தைக் கால்நடையாக வருபவர் எவ்வாறு கடப்பது? 1988ஆம் ஆண்டு எதிர்ப்புறத்தில் சிற்பப் பூங்கா திறக்கப்பட்டபோது, இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே ஐரீன் ஹிக்சன் விட்னி பாலம். அதன் நீளம் 375 அடி.

அதனை வடிவமைத்தவர் சியா அர்மஜானி. 1939இல் தெகரானில் பிறந்து, 1960இல் அமெரிக்கா சென்று, மெய்யியல் பயின்று, சிற்பியாக மலர்ந்தவர். 2020இல் மறைந்தார். இளமையில் பாரசீகக் கவிதை வரிகளையே ஓவியத் துணியில் நிரப்பி எழுதியவர். எனவே, அவர் கட்டிய பாலத்தில் கவிதை இடம்பெற்றது வியப்பன்று.

பாலத்தின் ஒரு பகுதி வில்லென மேல்நோக்கி வளைகிறது. மற்றொரு பகுதி தொங்கும் கயிறெனத் தாழ்கிறது. மஞ்சளும் வெளிர்நீலமும் அதன் வண்ணங்கள். மேல் விட்டங்களில், ஜான் ஆஷ்பெரி இப்பாலத்திற்கென்றே எழுதிய கவிதை பொறிக்கப்பட்டுள்ளது. நின்ற இடத்திலிருந்தே அதனை முழுதும் படித்துவிட இயலாது. நடக்க நடக்கவே சொல் தொடர்கிறது.

'கடப்பதற்கு வெறும் கற்காரைப் பாலம் போதாதா? கலைஞர் எதற்கு?' என வினவுவோர் உண்டு. பொதுவிடக் கலை பயன்படுவதாக இருக்கவேண்டும் என்பது அர்மஜானியின் கொள்கை. பீடத்தில் நின்று வணக்கம் பெறும் சிலையை அவர் நாடவில்லை. காலடியில் கிடந்து மக்களைத் தாங்கும் படைப்பையே நாடினார். பயனும் அழகும் இரு வேறு செலவுகள் அல்ல என்பதற்கு அப்பாலமே சான்று.

'ஆஷ்பெரி அருங்கவிஞர் ஆயிற்றே, வழிப்போக்கருக்கு விளங்குமா?' என்பது அடுத்த வினா. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், நூலை ஒருமுறை புரட்டி மூடுபவரைவிட, ஒரே வழியில் நாள்தோறும் செல்பவர் கவிதைக்கு நெருங்கியவர். இன்று விளங்காத சொல் பிறிதொரு நாள் துயரிலோ மகிழ்விலோ பொருள் தரக்கூடும். கவிதையை எளிமையாக்குவது ஒரு வழி. அரிய கவிதையை எளிதில் எட்டும் இடத்தில் வைப்பது மற்றொரு வழி. அர்மஜானி தேர்ந்தது இரண்டாவது.

இலக்கியம் வளர்க்கக் கூடும் அவைகள் எண்ணிப்பார்க்க வேண்டியதும் இதுவே. கூட்டத்திற்கு வருவோருக்கு மட்டும் கவிதை சொந்தமன்று. வேலைமுடிந்து வீடு திரும்பும் வழியில் சற்றே தலைநிமிர்ந்து பார்ப்பவருக்கும் அது உரியது. அவர் செல்லும் வழியில் அதனைக் கொண்டுவைப்பதே கடமை.