துப்பாக்கி லைசென்ஸும் நமது உரிமையும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நோட்டீஸில் கண்டதும் பலர் சிரித்தார்களாம். "அரிசி விலைக்கே வழியைக் காணோம், துப்பாக்கிக்கு லைசென்ஸ் ஒரு கேடா?" என்று ஓர் அம்மாள் நம்மிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தப் பந்தலில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். ஆனால் அந்த ஒருவரால்தான் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

அதோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, அந்தத் தோழர் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து திரும்பியவர். கையில் வந்த பணத்தில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கி, லைசென்ஸ் எடுத்து, ஒரு வங்கிக் கிளையில் காவல் வேலை பார்த்தார். அவரை வேலைக்குக் கூப்பிட்டதே கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகத்தான். நெசவாளிக்குத் தறி எப்படியோ, அவருக்குத் துப்பாக்கி அப்படி. 2024 மார்ச் 16-ந் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. உடனே, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் ஒப்படை என்று தாக்கீது. ஒப்படைத்தார். நம் மாநிலத்தில் ஏப்ரல் 19-ந் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. வட நாட்டில் முடியவில்லை. ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ந் தேதி. எண்பது நாள்! துப்பாக்கி இல்லாத காவலாளிக்கு டூட்டி இல்லை என்று காண்டிராக்டர் கைவிரித்துவிட்டார். அவரது பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய மாதம் அது. காது மூக்கில் இருந்தது அடகுக் கடைக்குப் போயிற்று.

தேர்தல் காலத்தில் ஆயுதங்களை வாங்கி வைப்பது தவறா என்று கேட்டால், தவறில்லை என்றுதான் நாம் சொல்வோம். ஓட்டுச் சாவடிக்கு முன்னால் பண்ணையார் துப்பாக்கியோடு நிற்பதை நாம் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் தேர்தல் கமிஷனின் உத்தரவுதான் என்ன சொல்கிறது? மாவட்டந்தோறும் ஒரு கமிட்டி வைத்து, லைசென்ஸ்காரர் ஒவ்வொருவரையும் பரிசீலிக்க வேண்டும். ஜாமீனில் வந்தவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்னே தேர்தல் கலகத்தில் சம்பந்தப்பட்டவர் ஆகியோரைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும் என்கிறது. பரிசீலிப்பது சிரமமான வேலை. எல்லோரிடமும் மொத்தமாக வாங்கிப் பூட்டிவிடுவது சுலபம். அந்தச் சுலபத்துக்கு நம் தோழர் எண்பது நாள் கூலியைக் கொடுத்திருக்கிறார்.

தோழர்களே, ஆயுதச் சட்டத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். நம் தெற்குச் சீமையில் அது 1801-லேயே ஆரம்பமாகிவிட்டது. பாளையக்காரர் போரை அடக்கிய கையோடு, அந்த வருஷம் டிசம்பரில் சென்னைக் கவர்னர் ஒரு பிரகடனம் போட்டார். பாளையங்களில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தால் உயிர் போகும் என்று மிரட்டினார். கோட்டைகளை இடித்தார்கள், வேல், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார்கள். பிறகு 1878-ல் லிட்டன் வைசிராயாக இருந்தபோது தேசம் முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. அதே 1878-ல்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது என்பதைக் கவனியுங்கள். பத்திரிகைச் சட்டத்தை நாலே வருஷத்தில் ரத்து செய்தார்கள். ஆயுதச் சட்டம் நின்றுவிட்டது.

அந்தச் சட்டத்தில் வெள்ளையனுக்கு விலக்கு! தோட்டத்துத் துரையும் மில் மானேஜர் துரையும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கரடி வந்து கம்பைத் தின்றாலும் நம் குடியானவன் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதைக் கண்டித்து 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே பிபின் சந்திர பால் முழங்கினார். 1930-ல் வைசிராய் இர்வினுக்கு காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடு, அது ஜனங்களின் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்பதும் ஒன்று. ஆம், அகிம்சை பேசிய காந்திதான்! 1931 கராச்சித் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பிரஜைக்கு உண்டு என்று எழுதினார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு நடந்தது வேறு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அடிப்படை உரிமையாக எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கட்டுப்பாடில்லாத ஆயுத உரிமையைக் கொடுக்க முடியாது என்று அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் தோற்றது. இன்றைக்கு நமது அரசியல் சட்டத்தில் இருப்பது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. இந்தப் பந்தலில் நாம் கூடியிருப்பதும் அந்த உரிமையால்தான்.

அம்பேத்கர் சொன்னது சரி என்றே நாம் கருதுகிறோம். சில இளம் தோழர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. "எல்லோரிடமும் துப்பாக்கி இருந்தால் மிராசுதார் பயப்படுவானே?" என்கிறார்கள். தம்பிகளே, சற்று யோசியுங்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? அரைப்படி நெல் கூடக் கேட்ட குற்றத்துக்காக அடியாட்கள் சேரியைச் சூழ்ந்தார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள். உயிருக்கு ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை, பெண்டு பிள்ளைகளை, தீ வைத்துக் கொளுத்தினார்கள். சுட்ட துப்பாக்கி யாருடையது? அறுப்பறுத்தவனுடையதா? துப்பாக்கி காசு கொடுத்து வாங்கும் பொருள். தோட்டாவும் காசு. கடையில் தாராளமாகக் கிடைத்தால் முதலில் யார் வாங்குவார், எத்தனை வாங்குவார்? நமக்கு ஒன்று வருவதற்குள் அவர்கள் வீட்டில் பத்து இருக்கும். ஆகவே கட்டுப்பாடு கடுமையாக இருப்பதில் முதல் லாபம் நமக்குத்தான். இதில் நமக்கு ஊசலாட்டம் கிடையாது.

அப்படியானால் சண்டை எதில்? கடுமை யார் தலையில் விழுகிறது என்பதில்தான்.

இப்போது நடைமுறையில் உள்ள ஆயுதச் சட்டம் 1959-ல் நிறைவேறி, 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதில் 14-வது பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. ஒருவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்பது அது. சொத்தும் பட்டமும் பார்த்துச் சலுகை கொடுத்த வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்துக்கு அடித்த ஆணி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நாம் கேட்டால் பெரும்பாலும் அதைக் கொடுக்கவும் வேண்டும். அப்பீல் உண்டு. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 'பொது அமைதி', 'பொதுப் பாதுகாப்பு' என்ற இரண்டு சொற்களும் கூடவே இருக்கின்றன. அவற்றுக்குள் எதையும் அடக்கலாம். போராட்டத்தில் ஒருமுறை கைதானவன் மனுவை மறுக்க அவையே போதும்.

2019-ல் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஒன்றாக்க வேண்டும் என்பதுதான் முதலில் வந்த மசோதா. என்ன நடந்தது தெரியுமா? பரம்பரைத் துப்பாக்கி, குடும்ப கௌரவம், விளையாட்டு என்று நாலா பக்கமும் குரல் எழும்பியது. ஒன்று இரண்டாயிற்று. மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க அவகாசமும் கிடைத்தது. போட்டியில் சுடுகிறவர்களுக்குத் தனி விலக்கு. லைசென்ஸ் காலம் மூன்று வருஷம் என்பது ஐந்து வருஷமாயிற்று. கல்யாண ஊர்வலத்தில் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்று எழுதினார்கள். இது நல்ல காரியம், வடக்கே எத்தனை மாப்பிள்ளைகள் இந்த வேட்டில் செத்திருக்கிறார்கள்! மூன்றாவது துப்பாக்கிக்காகப் பேச அத்தனை பேர் இருந்தார்கள். நம் தோழரின் ஒரே துப்பாக்கி எண்பது நாள் பூட்டிக் கிடந்தபோது பேச ஆள் இல்லை.

அதே திருத்தத்தின் இன்னொரு முனை நம்மைக் குத்துகிறது. லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் முன்பு ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. இப்போது குறைந்தது இரண்டு, கூடினால் ஐந்து. விசேஷக் காரணம் இருந்தால் நீதிபதி குறைக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டுமே. கள்ளத் துப்பாக்கி செய்து விற்கும் கூட்டத்துக்கு ஏழு வருஷம் முதல் ஆயுள் வரை என்பதை நாம் வரவேற்கிறோம். இந்நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தால் நடப்பவையே. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மலையடிவாரங்களில் பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோன குடியானவன் அந்தக் கூட்டமா? அவனும் அதே நீதிமன்றப் படியேற வேண்டும்.

அவன் ஏன் அதை வைத்திருந்தான்? பன்றி தோழர்களே, பன்றி! நிலக்கடலையும் மரவள்ளியும் போட்ட கொல்லையில் ஒரே ராத்திரியில் புகுந்து உழுதுவிட்டுப் போகிறது. குடியானவனுக்கு விளைச்சல் போகிறது, நமக்குக் களையெடுப்பும் பறிப்பும் போகிறது. லைசென்ஸ் துப்பாக்கியே இருந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறைக்காரர்கள் சுடலாம். கேரளத்தில் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தார்கள்; அங்கே சுடுவதற்கு லைசென்ஸ்காரர்கள் போதவில்லை. துப்பாக்கியும் இல்லை, வனத்துறையும் வரவில்லை என்றால் என்ன ஆகிறது? திருட்டுக் கரண்ட்டில் வேலி போடுகிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன நம் ஆள் அதில் விழுகிறான். அவுட்டுக்காய் வைக்கிறார்கள், பன்றி தின்பதற்கு முன்னால் மாடு கடிக்கிறது. சட்டத்தை இறுக்குகிற சர்க்கார் பயிருக்குக் காவலும், போன பயிருக்கு நஷ்டஈடும் கொடுத்தாக வேண்டும்.

நரிக்குறவர் கதை இதைவிட மோசம். வேட்டைதான் அவர்கள் தொழில். நாட்டுத் துப்பாக்கிதான் கருவி. காட்டுச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. வனவிலங்கு அழியாமலிருக்க அது தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொழிலைப் பறித்தவர்கள் மாற்றுத் தொழில் கொடுத்தார்களா? ஊசிமணியும் பாசிமணியும் விற்கத் தெருவில் விட்டார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆயிற்று.

மலைக்கு அந்தப் பக்கம், குடகில் பாருங்கள். அங்கே குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உள்ளவர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம் என்று விலக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது, 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக ஹைகோர்ட்டும் 2021-ல் செல்லும் என்று சொல்லிவிட்டது. அவர்களது பண்டிகையையும் பழக்கத்தையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதே குடகில் காப்பித் தோட்ட லயத்தில் கிடக்கும் கூலிக்காரனுக்கு ஜம்மா நிலம் ஏது? யானை வருவது அவன் லயத்துக்கும்தான்.

இவ்வளவும் சொன்னபின் வேலைக்கு வருவோம். வரும் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். காவல் வேலை செய்பவரின் துப்பாக்கியைத் தேர்தலில் வாங்கினால், ஏன் வாங்கினோம் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். நம் மாநிலத்தில் ஓட்டுப்பதிவு முடிந்த வாரத்திலேயே திருப்பித் தர வேண்டும். இடைப்பட்ட நாளுக்கு வேலை கொடுத்தவர் சம்பளம் தர வேண்டும். பன்றி அழித்த கொல்லையை ஒரு வாரத்துக்குள் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி ஒப்படைத்த ரசீது வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவாருங்கள். ரசீது கொடுக்கவில்லை என்றால் அதையும் மனுவில் எழுதுவோம்.

இன்னொன்று. யார் வீட்டுப் பரணிலாவது பாட்டன் துப்பாக்கி கிடந்தால் இன்று ராத்திரி அதைக் கிணற்றில் போடாதீர்கள், ஓடையில் வீசாதீர்கள், பக்கத்து வீட்டானிடம் சொல்லிக்கொண்டும் திரியாதீர்கள். சங்க ஆபீஸுக்கு வந்து சொல்லுங்கள். வழக்கில்லாமல் ஒப்படைக்கலாம் என்று போலீஸ் பல இடங்களில் அறிவித்ததுண்டு. நம் மாவட்டத்திலும் அப்படி அறிவிக்கும்படி கேட்கப் போகிறோம். அறிவிப்பு வந்ததும் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு நாங்களும் ஸ்டேஷன் வரை கூட வருகிறோம். தனியாகப் போகாதீர்கள்.